காலிப் பெட்டியைத் தூக்கியவன்

"முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்குங்க சார். முதுகு நேரா இருக்கட்டும். மூஞ்சில கொஞ்சம் வெயிட்டு காட்டுங்க."

புகைப்படக்காரர் இப்படிச் சொன்னபோது நான் ஒரு மரப்பெட்டியின் இரண்டு பக்கங்களையும் பிடித்தபடி குந்தியிருந்தேன். தொழிற்சாலையின் சரக்கு முற்றம். காலை பத்து மணி வெயில் பிடரியில் இறங்கிக்கொண்டிருந்தது. புதிதாக அறுத்த பலகையின் வாசனை. பெட்டியின் அடியில் சரியாக அடிக்கப்படாத ஆணி ஒன்று என் மோதிர விரலைக் குத்திக்கொண்டே இருந்தது.

பம்பு செட்டுகளின் இரும்பு வார்ப்புகளை அடைத்து அனுப்புகிற பெட்டி அது. நிறைந்திருந்தால் நான் அதை அசைத்திருக்கக்கூட முடியாது. படத்துக்காகக் காலி செய்து வைத்திருந்தார்கள்.

சற்றுத் தள்ளி லாரியின் நிழலில் லோடுமேன்கள் நான்கு பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் மூத்தவன் கன்னியப்பன். மூத்தவன் என்றாலும் என் வயதுதான், முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. அவன் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டான்.

"சார், பொட்டிக்குள்ள இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லை."

"அதான பாத்தேன். மூஞ்சி மட்டும்தான் கனமா கீது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படம் கெட்டுவிட்டது என்று புகைப்படக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

சுவரில் நான்

இந்தத் தொடரில் போன வாரம், தெற்கே தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சதுரங்கப்பட்டினத்தில் வாடகை வீடு பிடித்த கதையோடு நிறுத்தியிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருக்கழுக்குன்றம் சாலையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் எனக்குப் பாதுகாப்புப் பிரிவு உதவியாளர் வேலை. பிரிவு என்று பெயர்தான், அதில் இருந்தது நான் ஒருவன். ஒரு மேசை, மூன்று பதிவேடு, ஒரு முதலுதவிப் பெட்டி.

லோடுமேன்களுக்கு முதுகுவலி, தோள்வலி என்று விடுப்பு ஏறிக்கொண்டே போனது. பாரம் தூக்கும் முறையைப் பற்றி ஒரு போஸ்டர் அடித்து ஒட்டலாம் என்றார் மேனேஜர். ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, தமிழில் எழுதச் சொன்னார். படத்துக்கு யார் நிற்பது என்று பேச்சு வந்தபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

புகைப்படக்காரர் மாமல்லபுரத்துக்காரர். மலைச்சரிவில் உருண்டு விழுவதுபோல நிற்கிற அந்தப் பெரிய பாறை இருக்கிறதே, அதைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல சுற்றுலா வருகிறவர்களை நிற்க வைத்துப் படம் எடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. ஆக, பாரமே இல்லாமல் பாரத்தைக் காட்டுவதில் அவரை மிஞ்சிய ஆள் இல்லை.

இரண்டு படங்கள் எடுத்தார். ஒன்று சரியான முறை, முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து. இன்னொன்று தவறான முறை, காலை விறைப்பாக வைத்து, முதுகை வில்லாக வளைத்து. இரண்டாவது படத்துக்கு ஒரே ஒரு தடவைதான் நின்றேன்.

"தப்பா தூக்குறதுதான் சார் உங்களுக்கு நல்லா வருது" என்றார்.

போஸ்டர் வந்தது. சரியான எனக்குப் பச்சை டிக், தவறான எனக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. கீழே என் தமிழில் ஐந்து விதிகள். பளுவை உடலோடு ஒட்டிப் பிடிக்கவும். இடுப்பைத் திருகாமல் பாதங்களைத் திருப்பவும். இப்படியே போய் ஐந்தாவது: தனியே தூக்க இயலாத பளுவுக்குச் சக பணியாளரை அழைக்கவும்.

கேட்டிலும் கேன்டீனிலும் வார்ப்பட ஷெட்டிலும் ஒட்டினார்கள். கழிப்பறைச் சுவரிலும் ஒன்று. அன்றிலிருந்து எனக்குப் பெயர் போஸ்டர் சார். மூன்று வருடம் அங்கே வேலை பார்த்திருந்தேன், அந்தப் பெயர்தான் என்னை யாராவது கூப்பிட்ட முதல் பெயர்.

கீறியா

கன்னியப்பன் போஸ்டரின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தான்.

"இத்த எவன் சார் பட்ச்சினு நிப்பான், கையில பொட்டி கீறப்போ?"

அவர்களிடம் வேறு ஒரு முறை இருந்தது. நாலு பேர் தூக்குகிற பாரம் என்றால் நாலு மூலையிலும் ஆள் நிற்பார்கள். கையை வைத்த பிறகு ஒருவன், பெரும்பாலும் கன்னியப்பன், ஒவ்வொரு மூலையாகக் கேட்பான். "கீறியா?" இருக்கிறாயா என்பதைத்தான் இந்தப் பக்கம் அப்படிக் கேட்பார்கள். "கீறேன்பா" என்று பதில் வரவேண்டும். நாலு மூலையிலிருந்தும் வந்தால்தான் பாரம் தரையைவிட்டு எழும்பும்.

சில நாள் ஒரு மூலையிலிருந்து "இல்லபா" என்று வரும். உடனே மற்ற மூவரும் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இடுப்பு பிடித்திருக்கலாம், மனசு சரியில்லாமல் இருக்கலாம், ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வேறு ஆள் வரும்வரை லாரி நிற்கும். டிரைவர் கத்துவான், சூப்பர்வைசர் கத்துவார். இவர்கள் பீடி பிடிப்பார்கள்.

நான் இதை மேசையிலிருந்து நிறைய நாள் பார்த்திருக்கிறேன். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். என் ஐந்து விதிகளில் ஒன்றுகூட, முடியாது என்று சொல்வதைப் பற்றியது இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. சதுரங்கப்பட்டினத்து வீட்டில் நான் இருக்கிறேனா என்று கேட்க யாரும் இல்லை. அம்மா போனபிறகு ஊரிலிருந்து கடிதமும் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் டச்சுக் கோட்டைக்குப் போய் இடிந்த சுவரில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பேன். கோட்டைக் காவலாளி மணி ஐந்தானதும் சைகை செய்வார், எழுந்து வருவேன். அந்தச் சைகைதான் சில வாரங்களில் எனக்கு வாய்த்த ஒரே பேச்சு.

ஆட்டுக்கல்

ஒரு ஆடி மாதம் வெள்ளிக்கிழமை, கன்னியப்பன் என் மேசைக்கு வந்தான்.

"சார், ஞாயித்துக்கெழமை எங்க ஊருல அம்மனுக்குக் கூழு ஊத்துறோம். நீங்க வரணும். நானே வூட்டாண்ட வந்து இட்டுகினு போறேன்."

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, பதிவேட்டில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

என் வீட்டுக்கு ஒரு ஆள் வரப்போகிறார். சனிக்கிழமை சாயங்காலமே ஒட்டடை அடித்தேன். ஞாயிறு காலையில் தரையைக் கழுவினேன். முன்னால் குடியிருந்தவர்கள் தூக்கமுடியாமல் விட்டுப்போன ஆட்டுக்கல் ஒன்று கூடத்தின் நடுவில் கிடந்தது. சமையலறையில் இடமில்லாமல் அவர்களும் அங்கே போட்டிருந்தார்கள் போல. மூன்று வருடமாக அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தேன். கன்னியப்பன் வந்தால் பாய் விரிக்க அந்த இடம் வேண்டும்.

பக்கத்து வீட்டில் மீன்காரர் குடும்பம். அண்ணன் தம்பி இரண்டு பேர், கல்லை விளையாட்டாகத் தூக்கிவிடுவார்கள். கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று வருடம் பேசாதவன், கல்லைத் தூக்கக் கூப்பிட்டால் என்ன நினைப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

காலை விறைப்பாக வைத்து, முதுகை வளைத்து, கல்லின் குழியில் இரண்டு கையையும் கொடுத்து இழுத்தேன். அது ஒரு சாண் நகர்ந்தது. கூடவே இடுப்புக்கு மேலே ஏதோ ஒன்று பட்டென்று விட்டது. வலி பிறகுதான் வந்தது. முதலில் கால்கள் காணாமல் போன மாதிரி இருந்தது. அப்படியே கல்லின்மேல் சரிந்து, ஈரத் தரையில் ஒருக்களித்து விழுந்தேன்.

ஃபினாயில் வாசனை. கன்னத்துக்குக் கீழே சில்லென்ற சிமென்ட். மூச்சை முழுதாக இழுத்தால் குத்தியது, அதனால் பாதி பாதியாக இழுத்துக்கொண்டு கிடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது.

"சார்... கீறீங்களா?"

வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் என் புத்தியில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். கதவைத் திறந்தால் அவன் எதைப் பார்ப்பான்? சிவப்புப் பெருக்கல் குறி போட்ட படத்தை அப்படியே பார்ப்பான். நாளைக்கு ஷெட் முழுக்கச் சிரிக்கும். போஸ்டர் சார் முதுகை ஒடித்துக்கொண்டார் என்று கேன்டீன்வரை போகும்.

"சார், கீறீங்களா?"

வாயை மூடிக்கொண்டேன். பீடிப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அவன் காத்திருந்தான். மூன்றாவது முறையும் கூப்பிட்டான், இந்தமுறை கொஞ்சம் மெதுவாக. பிறகு சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தான்.

சாயங்காலம்வரை அங்கேயே கிடந்தேன். தெருவில் பம்பைச் சத்தம் போனது, மீன்கார வீட்டில் பிள்ளைகள் சண்டை போட்டன. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் எல்லோரும் இருந்தார்கள். நான் அழுதேன், ஆனால் அழுதாலும் முதுகு குலுங்கி வலித்தது என்பதால் அதையும் நிறுத்திக்கொண்டேன்.

சட்டைக்குள் பெல்ட்

மறுநாள் வேலைக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

"நேத்து வந்தேன் சார்" என்றான் கன்னியப்பன்.

"திடீர்னு தாம்பரம் வரைக்கும் போகவேண்டியதாப் போச்சு."

அவன் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தான். "அப்டியா. உங்களுக்குனு ஒரு சொம்பு கூழு எட்த்து வெச்சிருந்துது வூட்டுல. புளிச்சிப்பூடும்னு புள்ளைங்க குட்ச்சிடுச்சிங்க."

அந்த வாரம் நிஜமாகவே தாம்பரம் போனேன். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று அவ்வளவு தூரம். டாக்டர் காலைத் தூக்கச் சொன்னார், சுத்தியலால் முட்டியைத் தட்டினார். மூன்று வாரம் எதையும் தூக்கக்கூடாது, ஆபீசில் சொல்லிவிடுங்கள் என்றார். ஆரம்பத்திலேயே சொல்லி ஓய்வெடுத்தால் சரியாகிவிடும், மறைத்து வைத்து வேலை செய்தால் முதுகுவலியோடு கூடவே வாழவேண்டியதுதான் என்றும் சொன்னார். இதே விஷயத்தைத்தான் நான் மாதாமாதம் லோடுமேன்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லும்போது தலையாட்டினேன்.

சீட்டை மடித்து மேசை டிராயரில் பதிவேட்டுக்கு அடியில் வைத்தேன். இடுப்புப் பெல்ட்டைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டேன். புழுக்கத்தில் அதன் ஓரம் தோலை அறுத்தது, உப்புப் பூத்து அரித்தது. சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். டயர் பஞ்சர் என்று காரணம் சொன்னேன்.

ஒரு மூலை

பத்து நாள் கழித்து, மதியம். லாரி வந்து நிற்கிறது. பாரம் தூக்குகிற சங்கிலிக் கப்பி பழுது. ஒரு பம்பின் அடித்தகடு போகவேண்டும், நாலு பேர் பாரம். லோடுமேன்களில் ஒருவன் அன்றைக்கு வரவில்லை. நான் பதிவேட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

கப்பி சரியாகும்வரை தொடவேண்டாம் என்று சொல்லவேண்டியவன் நான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கன்னியப்பன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "சார், ஒரு மூல பிட்ச்சிக்கிறீங்களா? நாலடிதான். லாரி வரிக்கும்."

போஸ்டர் சாரையா என்று ஒருவன் கேலி செய்தான். அந்தக் கேலியில் விஷம் இல்லை, அவர்களுக்குள் செய்துகொள்கிற மாதிரி இருந்தது. நான் பதிவேட்டைக் கீழே வைத்தேன்.

தகடு வெயிலில் சுட்டது. என் மூலை கன்னியப்பனுக்குப் பக்கத்து மூலை. அவன் கேட்க ஆரம்பித்தான்.

"கீறியா?"

"கீறேன்பா."

"நீ கீறியா?"

"கீறேன், கீறேன்."

என் பக்கம் திரும்பினான். "சார், கீறீங்களா?"

கதவுக்கு வெளியே நின்று கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு இல்லாததுபோல இருந்துவிட்டேன். இன்றைக்கு இல்லை என்று சொல்லவேண்டியவன்.

"கீறேன்" என்றேன். அவர்கள் வார்த்தையில் நான் பேசியது அதுதான் முதல்தடவை. மூவரும் சிரித்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மூன்று வருடத்தில் என்னை ஒரு வேலைக்கு ஆளாக நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுதான் மனசில் இருந்தது. முதுகைப் பற்றிய நினைப்பே இல்லை.

இரண்டு அடிவரை சரியாக வந்தேன். மூன்றாவது அடியில் இடுப்பு பிடித்தது. கை தானாக விட்டுவிட்டது.

என் மூலை கீழே போனபோது அந்தப் பாரம் முழுக்கக் கன்னியப்பன் பக்கம் சாய்ந்தது. அவன் விட்டிருக்கலாம். விட்டால் தகடு என் காலில் விழும். அவன் விடவில்லை. வலது தோளைத் திருகிக்கொண்டு தாங்கினான், மற்ற இருவரும் தங்கள் மூலைகளை மெல்லத் தரைக்கு இறக்கும்வரை. உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தான்.

வெளியே கிடந்த செருப்பு

தோளில் தசைநார் கிழிந்துவிட்டது என்றார்கள். செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

விபத்து அறிக்கை எழுதவேண்டியவனும் நான்தான். காரணம் என்று ஒரு கட்டம். 'பிடி நழுவியது' என்று எழுதினேன். கன்னியப்பனைக் கேட்டபோது அவனும் அதையே சொல்லியிருந்தான், சாருக்குக் கை வழுக்கிடிச்சி என்று. என்னைக் காப்பாற்றத்தான் சொல்லியிருக்கிறான் என்று புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவன் மனைவி காப்பி வாங்கக் கீழே போயிருந்தாள். ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு நின்றேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்?" என்றான். "அன்னிக்கு, கூழு ஊத்தினப்போ, வூட்லதான இருந்தீங்க?"

நான் பழப் பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன்.

"செருப்பு ரெண்டும் வெளிய கெடந்துது. அத்தப் பாத்துனுதான் நின்னேன். நம்ம வூட்டுக் கூழுலாம் வாணாம்னு கம்முனு கீறாரு, இத்தினி தபா கூப்டறது தப்புன்னு வந்துட்டேன்."

பத்துப் பதினைந்து நாளாக அவன் அதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறான். அப்படியிருந்தும் என்னை மூலைக்குக் கூப்பிட்டிருக்கிறான். நான் அந்தக் கட்டிலின் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டடை அடித்தது, ஆட்டுக்கல், ஈரத் தரை, தாம்பரம் டாக்டர். சட்டையைத் தூக்கிப் பெல்ட்டையும் காட்டினேன்.

அவன் பெல்ட்டைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அப்போ தகடு தூக்கறப்போவும் வலி இருந்துதா?"

"இருந்தது."

"நான் கேட்டேனே சார்."

"கேட்ட."

"இல்லன்னு சொல்றதுக்கு இன்னா? நாங்க எத்தினி தபா சொல்றோம்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி காப்பியோடு வந்தபோது நான் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கேட்டில்

திங்கட்கிழமை அறிக்கையை வாங்கித் திருத்தி எழுதினேன். முதுகுக் காயத்தை மறைத்துப் பாரம் தூக்கியது என்று என் பெயரைப் போட்டேன். டிராயரிலிருந்த டாக்டர் சீட்டையும் பின்னால் குத்தினேன். மேனேஜர் படித்துவிட்டு என்னையும் சுவரிலிருந்த என்னையும் மாறிமாறிப் பார்த்தார். என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். போஸ்டர்களை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நானே பேனாவால் ஒவ்வொன்றிலும் ஆறாவது விதி ஒன்றை எழுதினேன். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லவும். கழிப்பறையில் இருந்ததிலும் எழுதினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் பொத்தேரிப் பக்கம் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்ததும், முதுகு என்னோடு கூடவே வந்ததும் தனிக் கதை. எதிர்வீட்டுக் கல்லூரி மாணவர்களிடம் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு இப்போதும் ஒரு வாரம் ஆகிறது. கேட்டுவிடுகிறேன், அவ்வளவுதான் முன்னேற்றம்.

கன்னியப்பனுக்குப் பாரம் தூக்கும் வேலை அந்த விபத்தோடு முடிந்தது. இரண்டு மாதம் கழித்து அவனைக் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. மறுபடி சைக்கிளுக்கு மாறியிருந்த நான் காலையில் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது தலையை மட்டும் அசைப்பான். நானும் அசைப்பேன். மழைக்காலம் வந்தது, போனது. அவனுடைய மற்ற மூன்று பேரும் என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவன் பேசவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

தை மாதம் ஒரு நாள் காலை, பனி. குளிரில் என் முதுகு கட்டையாகியிருந்தது. சைக்கிளைப் பிடித்தபடி கேட்டுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஸ்டூலில் இருந்தவன் எழுந்திருக்காமல் என்னைப் பார்த்தான்.

"சார், கீறீங்களா?"

சைக்கிள் கைப்பிடி பனியில் நனைந்திருந்தது. வாய்வரை அந்தப் பழைய பதில் வந்துவிட்டது.

"இல்ல கன்னியப்பன்" என்றேன். "இன்னைக்கு முடியல."

அவன் எழுந்து வந்தான். இடது கையால் கைப்பிடியில் தொங்கிய சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அதே கையால் சைக்கிளையும் வாங்கிக்கொண்டான். ஸ்டோர்வரை எனக்கு முன்னால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு நடந்தான். ஏன் என்று கேட்கவில்லை.